பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்க வேண்டும்? வாசகர் கேள்வி–பதில்

பள்ளிகள் திறந்ததிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியவை. செலவு கைக்கு அடங்க வேண்டும், சத்தும் குறையக் கூடாது என்பதுதான் எல்லோருடைய கவலையும். பலருக்கும் பயன்படக்கூடிய சில கடிதங்களுக்கு இந்த இதழில் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறோம். காலை ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் காலையும் மதியமும் அரசுப் பள்ளியிலேயே சாப்பாடு கிடைத்துவிடுகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மதியச் சத்துணவு மட்டும்தான். காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பள்ளிச் சாப்பாடு இருவருக்கும் போதுமா? — ஒரு தாய், சாத்தூர்

பதில்: முதலில் மகனைப் பற்றிச் சொல்கிறேன். காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதனுடன் காய்கறி என்று அளவு வகுத்திருக்கிறார்கள். மதியத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது தேசிய அளவுகோல். அதற்கு மேல் தமிழ்நாட்டில் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை உண்டு. இவற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உடம்பில் சேரும். ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஆகவே பள்ளி நாட்களில் அவனுக்குப் புரதக் குறை வராது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குத் தேவையான 1,700 கலோரியில் ஏறத்தாழப் பாதிதான் பள்ளியில் கிடைக்கிறது. மாலையில் ஏதாவது ஒரு தின்பண்டமும், இரவில் வயிறு நிறைய ஒரு சாப்பாடும் வீட்டில் கட்டாயம் வேண்டும். மதியம் பள்ளியில் சாப்பிட்டுவிட்டானே என்று இரவில் ரசம் சாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் அந்த முட்டையும் சாம்பாரும் கிடைக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பிள்ளைகள் மே மாத விடுமுறையில் இன்னும் மெலிந்துவிடக் கூடும்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 33 கிராம் புரதம் வேண்டும். பூப்படையும் பருவத்தில் இரும்புச்சத்தின் தேவையும் கூடுகிறது. காலை டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைத்துவிடும். பன்னில் இருப்பது மைதாவும் சர்க்கரையும். ஆகவே டீயையும் பன்னையும் நிறுத்திவிட்டு, இரவே செய்து வைத்துவிடக் கூடிய ஓர் உணவுக்கு மாற்றுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையையும் கொடுத்தால் அதுவே நல்ல காலை உணவு. கேழ்வரகுக் கூழை இரவே கிளறி வைத்துக் காலையில் கரைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகு கால்சியத்துக்குப் பேர் போன தானியம். இரவில் அடுப்பை அணைப்பதற்கு முன் இரண்டு முட்டைகளை அவித்து வைத்தால், காலையில் அவளே உரித்துச் சாப்பிட்டுக்கொள்வாள். வெயில் காலத்தில் அவித்த முட்டையை ஓடு உரிக்காமல் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்போ பயறோ இருந்தால்தான் இரண்டிலும் உள்ள புரதம் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்து முழுமையாகப் பயன்படும். ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி வேகும் வீட்டில் கால் கிலோ பருப்பு வகை வேக வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு அந்தக் கணக்கில் நான்கு நாளுக்குத்தான் வரும். நாமோ அதை ஒரு மாதத்துக்கு இழுக்கிறோம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு எட்டு கிராம்! அரிசி இலவசமாகவும் தாராளமாகவும் கிடைக்கும் நம் மாநிலத்தில் பிள்ளைகளின் தட்டில் விழும் குறை இதுதான். கால் கிலோவை உடனே எட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். மிச்சப் பணத்தில் துவரம்பருப்பையே மேலும் வாங்காமல் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றி வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். புரதத்தில் அவை துவரைக்குச் சளைத்தவை அல்ல.

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். மகன் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. மனைவி எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், புளியோதரை என்று மாற்றி மாற்றிக் கட்டிக் கொடுக்கிறாள். தொட்டுக்கொள்ளக் கடைச் சிப்ஸ். மற்றப் பிள்ளைகள் ஃப்ரைடு ரைஸும் நூடுல்ஸும் கொண்டுவருவதைப் பார்த்து இவனும் கேட்கிறான். பாதி டப்பா திரும்பி வருகிறது. அதிகச் செலவில்லாமல் என்ன கொடுத்து அனுப்பலாம்? — திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் மனைவி காலை நேரத்தில் எடுத்துக்கொள்ளும் சிரமம் சிறிதல்ல. சோற்றை மாற்ற வேண்டியதில்லை. அதற்குத் துணையாக வருவதைத்தான் மாற்ற வேண்டும். ஒரு டப்பா எலுமிச்சை சாதத்தில் சுமார் 75 கிராம் அரிசி இருக்கும். அதில் கிடைக்கும் புரதம் ஆறு கிராமுக்கும் குறைவு. சிப்ஸால் அதற்குப் பெரிதாக எதுவும் கூடாது. எண்ணெயும் உப்பும்தான் மிகுதி. அதே டப்பாவில் சிப்ஸுக்குப் பதிலாக 30 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டலை வைத்தால் புரதம் இரண்டு மடங்காகிவிடும். சிப்ஸ் பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசில் அந்தக் கடலையை வாங்கிவிடலாம்.

சுண்டலைப் பிள்ளைகள் ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அது சரியாக வேகாததுதான். முந்தின நாள் காலையிலேயே ஊறப்போட்டு, இரவில் நீரை வடித்துவிட்டு, உப்புச் சேர்த்துக் குக்கரில் விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேக வைத்துவிடுங்கள். காலையில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய்த் துருவலும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். திங்களன்று கொண்டைக்கடலை என்றால், இன்னொரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் மிளகு தூவிய முட்டை, ஒரு நாள் வேர்க்கடலை மசாலா என்று வைத்துக்கொள்ளலாம். எள்ளும் உளுந்தும் வறுத்து அரைத்த பொடியை நல்லெண்ணெய் விட்டுச் சூடான சாதத்தில் பிசைந்தால் அதுவே ஒரு முழு டப்பா. முருங்கைக்கீரை போட்ட அடை, சிறிது கேரட் துருவிய ரவா இட்லி, பருப்புக் கூடுதலாகச் சேர்த்த சாம்பார் சாதம் ஆகியவை ஆறினாலும் ருசி குறையாதவை. தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது என்றால், காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்து அனுப்புங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பக்குவமாக உறைந்திருக்கும். எதுவானாலும் ஆவி அடங்கிய பிறகே மூடியைப் போட வேண்டும்.

ஃப்ரைடு ரைஸ் கேட்கும் பிள்ளையிடம் கூடாது என்று மறுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே முட்டையும் பீன்ஸும் கேரட்டும் போட்டுக் கிளறிக் கொடுங்கள். பெயர் அவனுடையதாகவும் பொருள் உங்களுடையதாகவும் இருக்கட்டும். பாதி டப்பா திரும்பி வருவதற்குப் பள்ளியின் உணவு இடைவேளையும் ஒரு காரணமாக இருக்கலாம். இருபது நிமிடத்தில் கை கழுவி, வரிசையில் நின்று, சாப்பிட்டு முடிக்க ஒரு பத்து வயதுப் பிள்ளையால் முடியாது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பள்ளி வாசலில் பொரித்த பாக்கெட்டுகளும் குளிர்பானங்களும் விற்றால் அதையும் கேளுங்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்திருக்கிறது.

கேள்வி: நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. பள்ளியில் என் மகளுக்கு முட்டைக்குப் பதிலாக வாழைப்பழம் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? — கும்பகோணம் வாசகி

பதில்: ஒன்றல்ல. முட்டையில் ஆறு கிராம் அளவுக்கு உயர்தரப் புரதமும், பி12 வைட்டமினும் இருக்கின்றன. வாழைப்பழம் நல்ல உணவுதான் என்றாலும் அதில் ஒரு கிராம் புரதமே உண்டு. பி12 அறவே இல்லை. ஆகவே அந்தக் குறையை வீட்டில் ஈடுகட்டியாக வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கொடுத்தால் பி12 பெருமளவுக்குக் கிடைத்துவிடும். மாலையில் சுண்டலோ, பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் சேர்த்துப் பிடித்த உருண்டையோ கொடுங்கள். முட்டை வேண்டாம் என்பது உங்கள் வீட்டு முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவோடு பருப்பின் அளவைக் கூட்டும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

கேள்வி: ரேஷன் அரிசியிலும் சத்துணவு அரிசியிலும் பிளாஸ்டிக் அரிசி கலந்திருப்பதாக எங்கள் ஊரில் பேச்சு. கழுவும்போது சில அரிசிகள் மிதக்கின்றன. நிறமும் வேறாக இருக்கிறது. பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறேன். சரியா? — தருமபுரி வாசகி

பதில்: பொறுக்கி எறியாதீர்கள். அவை செறிவூட்டப்பட்ட அரிசிமணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே பிழிந்து உலர்த்தி, நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் சில ஆண்டுகளாகக் கலந்து வந்திருக்கிறார்கள். மாவிலிருந்து செய்யப்பட்டதால் அடர்த்தியும் நிறமும் சற்று மாறுபடும். அதனால் சில மணிகள் மிதக்கும். வேகும்போது மற்ற அரிசியோடு கலந்துவிடும். இவ்வளவு பேர் அஞ்சும்படி இந்தச் செய்தி பரவியதற்குக் காரணம், அரிசியைக் கொடுத்தபோது அது என்னவென்று யாரும் தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லாததுதான். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: வீட்டில் யாருக்காவது தலசீமியா, அரிவாள்செல் சோகை போன்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால், இந்த அரிசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மதிய உணவுக்குத் தேசியத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கப்படும் தொகை ஏழு ரூபாய்க்கும் குறைவு என்று படித்தேன். அதில் சத்தான சாப்பாடு போட முடியுமா? பள்ளி அளவில் நாங்கள் என்ன செய்யலாம்? — புதுக்கோட்டை ஆசிரியை

பதில்: நீங்கள் படித்தது சரி. 2025 மே 1 முதல் தொடக்க வகுப்புக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலை வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு என்று அந்தத் தொகை உயர்த்தப்பட்டிருக்கிறது. அரிசி தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலாப் பொருள்கள், எரிபொருள் ஆகிய அனைத்தும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். தமிழ்நாட்டில் முட்டைச் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டிருப்பதால் நம் பிள்ளைகளின் தட்டு பல மாநிலங்களின் தட்டைவிட மேலானது. ஆயினும் இந்தத் தொகை போதாது என்பதே என் உறுதியான கருத்து. விலை ஏறும்போது முதலில் சுருங்குவது காய்கறிதான். பருப்புக்கும் எண்ணெய்க்கும் எடைக் கணக்கு உண்டு. தக்காளியும் வெங்காயமும் உச்சத்துக்குப் போகும் வாரத்தில் 50 கிராம் காய்கறி 20 கிராம் ஆகி, சாம்பார் நீர்த்துப்போவதை யாரும் ஏட்டில் எழுதுவதில்லை. விலைவாசி ஏறியபின் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தொகையை உயர்த்துவதைவிட, காய்கறி விலையோடு அது தானே உயரும்படி அமைப்பதுதான் முறை.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. இடமிருந்தால் சமையல் கழிவுநீர் பாயும் பக்கத்தில் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, கொஞ்சம் வாழை வையுங்கள். முருங்கை ஓராண்டுக்குள் கீரை தரத் தொடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கூடை கீரை கிடைத்தாலும் சாம்பாரின் தரமே மாறிவிடும். கீரையை அலசிய பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு அலசினால் சத்து நீரோடு போய்விடும். அண்டாவில் பருப்பு வெந்து, புளி கொதித்து, இறக்குவதற்குச் சற்று முன்னால்தான் கீரையைச் சேர்க்க வேண்டும். உங்கள் பள்ளிச் சமையலர் இவற்றில் பலவற்றை உங்களைவிட நன்றாக அறிந்தவராகவே இருப்பார். அவரை ஒரு நாள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, என்ன குறைகிறது என்று கேளுங்கள். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் சமையல் உதவியாளரும் சொற்ப ஊதியத்தில் புகையிலும் வெக்கையிலும் நின்று நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறார்கள். உணவின் தரத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களின் ஊதியத்தையும் பணிச்சுமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் சிறிதும் தளர்வு கூடாது. பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் உட்பட பெரியவர்கள் சிலர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பல பள்ளிகளில் அது பதிவேட்டில் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவைச் சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. சமையல்காரர் எண்ணெயின் வாடை சரியில்லை என்று சொல்லியும் தலைமையாசிரியை சமைக்கச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சமையலர் ஒன்றைச் சரியில்லை என்று சொன்னால் அன்று அந்த உணவு பரிமாறப்படக் கூடாது. அதே ஜூலை 16 அன்று, 2004இல், கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைப் பறித்தது. உங்கள் பள்ளிச் சமையற்கூடம் வகுப்பறையிலிருந்து விலகியிருக்கிறதா, எரிவாயு உருளையின் குழாய் வெடிப்பின்றி இருக்கிறதா, எண்ணெய்க்கும் பருப்புக்கும் மூடியிட்ட தனிப் பாத்திரங்கள் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: பாலில் கலக்கும் சத்துமாவுப் பானங்கள் கொடுத்தால்தான் பிள்ளை உயரமாக வளருமா? — வேலூர் வாசகர்

பதில்: இல்லை. அவற்றில் பலவற்றில் சர்க்கரையே கணிசமான பங்கு. இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிகத் துறை அறிவுறுத்தியது. அந்த டப்பாவுக்கான பணத்தில் ஒரு மாதத்துக்குப் போதுமான முட்டையோ நிலக்கடலையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் காமராசரா, எம்.ஜி.ஆரா என்று வகுப்பில் வாக்குவாதம். எது சரி? — எட்டாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

பதில்: இருவருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார், குழந்தாய். 1920இல் நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு தடுத்ததால் 1925இல் தடைப்பட்டது.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில், உங்கள் மாவட்டத்திலேயே, மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் தானியமும் காய்கறியும் பெற்று அதை நடத்தக் காரணமாக இருந்தார். பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையை அரசின் கொள்கையாக மாற்றியது அவர்களுடைய பெரும்பணி. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊரார் தயவை நம்பாமல் முழுக்க அரசுச் செலவில், தனிப் பணியாளர்களோடு, ஆண்டு முழுவதும் நடக்கும்படி அமைந்தது. நிதி எங்கிருந்து வரும் என்று அப்போது கேட்காதவர் இல்லை. தட்டில் முட்டை வந்தது 1989இல், கருணாநிதி ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில். அது படிப்படியாகக் கூடி 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. கலவை சாதங்களும் மசாலா முட்டையும் ஜெயலலிதா ஆட்சியில் 2013இல் தொடங்கின. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, தமிழ்நாட்டில் அது இரண்டு தலைமுறை கண்ட பழக்கமாக இருந்தது. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே வந்ததைத்தான் இந்த வரலாற்றில் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வகுப்பில் அதையும் சொல்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கும் பெண் வேறு சாதி என்பதற்காகச் சிலர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடுவதில்லை. என் மகனையும் சாப்பிட விடாதே என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஊரில் தனித்துப்போக அச்சமாக இருக்கிறது. — ஊர் குறிப்பிட விரும்பாத தாய்

பதில்: உங்கள் மகனை அங்கே சாப்பிட விடுங்கள், அம்மா. சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே கையால் பரிமாறப்பட்டதைச் சாப்பிடுவது இந்தத் திட்டத்தின் உயிர். சாதியின் பெயரால் சமைக்கும் பெண்ணை ஒதுக்குவதும் நீக்கச் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். உறவினர்களோடு நீங்கள் தனியாக வாதாட வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் மனுநீதி நாளுக்கும் எழுதலாம். இத்தகைய ஊர்களுக்கு அதிகாரிகள் நேரில் வந்து பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டு நிலைமையை மாற்றிய நிகழ்வுகள் நம் மாநிலத்தில் உண்டு. முடிந்தால் நீங்களும் ஒரு நாள் பள்ளிக்குச் சென்று மகனருகே அமர்ந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். உங்களைப் போலவே நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கும் தாய்மார் அந்த ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. எப்போதும் சோர்வு, படிப்பில் கவனமில்லை. பள்ளியில் வாரம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். வயிறு புரட்டுகிறது என்று அவள் சாப்பிடுவதில்லை. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்துப் பார்க்கிறேன். — திருவண்ணாமலை வாசகி

பதில்: இந்த வயதில் 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை, 9.8 என்பது நடுத்தர அளவு. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறையல்ல. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. படிப்பில் கவனமில்லை என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தச் சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. வந்துவிட்ட பிறகு அது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்கான அளவை மருத்துவர் தீர்மானித்து இலவசமாகவே கொடுப்பார். வயிறு புரட்டாமலிருக்க, வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பாட்டுக்குப் பிறகோ இரவு படுக்கும் முன்போ எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். டீ, காபி, பால் ஆகியவற்றோடு விழுங்கவே கூடாது. மலம் கறுத்துப் போகும். அதற்கு அஞ்ச வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

பீட்ரூட்டின் நிறம் ரத்தத்தைப் போலிருப்பதால் அது ரத்தத்தைக் கூட்டும் என்று நம்பிவிடுகிறோம். அதில் இரும்பு அதிகமில்லை. பேரீச்சம்பழத்தில் ஓரளவு உண்டு, ஆனால் நான்கு பழத்தால் இந்தக் குறை தீராது. அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் உடம்பு எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தைத் தருபவை. பழைய தலைமுறையினர் பெண்பிள்ளைகளுக்குச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்ததில் மருத்துவ நியாயம் இருக்கிறது. சைவம் என்றால் கொள்ளு, தட்டைப்பயறு, எள், கீரை வகைகளை நாள்தோறும் சேர்த்து, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. இந்த வயதுப் பெண்பிள்ளைகள் பலர் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுத் தட்டை எடுக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் சாப்பிடுகிறாளா என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். அளவு 12ஐத் தாண்டியவுடன் மாத்திரையை நிறுத்திவிடாமல், உடம்பில் இரும்பு சேமிப்பாக நிற்கும்வரை மேலும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மாதவிடாயில் உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மிக அதிகமாக இருந்தாலோ, மகள் கூச்சத்தால் மறைத்தாலும் நீங்கள் கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.